சம்பந்தியோடு பெங்களூருக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வைகாசி மாதம் நடந்தது இது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் அடியோடு போய்விட்டது. மோட்டார் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர், மீதி நேரம் வெறும் காற்று. காட்டில் வேலை கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் போய்விட்டான். வீட்டில் நானும் என் கணவரும் இரண்டு எருமைகளும். எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அந்த வயதில்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்காவது போய் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது.

எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு. ஒருத்தி நான். இன்னொருவர் எங்களுக்கு மேற்கே இருக்கும் மேலத்தோட்டத்து அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் வீட்டில் லாரி ஓடியது. அதனாலோ என்னவோ, லாரிப் பட்டறையில் புழங்குகிற வார்த்தையெல்லாம் அக்காவின் வாயிலும் புழங்கும். கோயில் பிரசாதம் கொடுத்தால்கூட, முன்னால் ஒரு கெட்ட வார்த்தை, பின்னால் ஒரு கெட்ட வார்த்தை வைத்துத்தான் "நல்லா இருக்குது" என்பார். மனசு தங்கம். மூன்றாமவர் டீச்சர். சேலம் டவுனில் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காகவே வாழ்ந்தவர். அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

யோசனையைக் கிளப்பியவர் டீச்சர்தான். ஒரு நாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"எத்தனை வருஷமா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மேட்டூர் டேமுக்கும் ஏற்காட்டுக்கும் போயிருக்கேன். ஆனா நான் டேமையும் பார்த்ததில்லை, ஏற்காட்டையும் பார்த்ததில்லை. தலையைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன். ஒரு தடவையாவது யார் தலையையும் எண்ணாம ஒரு ஊரைப் பார்க்கணும்."

அக்கா உடனே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். போவோம் என்று அர்த்தம்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கணவரிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். பெங்களூரோ எங்கேயோ, இரண்டு நாள் போய்விட்டு வருகிறோம் என்றேன்.

"ஆருக்கு உடம்பு செரியில்லை?" என்றார்.

"ஆருக்கும் ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கறோம்."

"அப்ப என்ன கோயலு அங்க?"

"கோயலுக்கும் இல்லீங்க. சும்மா பார்த்துட்டு வாரோம்."

அவர் சோற்றில் கையை வைத்தபடியே யோசித்தார். கோபம் இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதுவரை நான் ஊரைவிட்டுக் கிளம்பியதெல்லாம் ஒன்று சாமி கும்பிட, இல்லை ஆஸ்பத்திரிக்கு, இல்லை எழவுக்கு. இந்த மூன்றும் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை பஸ் ஏறுவாள் என்பது அவர் கேள்விப்படாத சங்கதி. "சும்மான்னா?" என்று மறுநாள் பால் கறக்கும்போது ஒரு தடவை கேட்டார். எருமைக்குத் தண்ணீர் காட்டும்போது இன்னொரு தடவை கேட்டார். போக வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்குப் பெரிய சங்கடம். கடைசியில் அவராகவே, "கண்ணு பார்க்கப் பெங்களூரு போறா" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் தெருவில் நடக்க முடியவில்லை. எதிரே வருகிறவர்களெல்லாம் விரலை நீட்டி, "இது எத்தனைன்னு சொல்லு பார்க்கலாம்" என்றார்கள். ஒருவர் வீடு தேடி வந்து, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நந்தியாவட்டைப் பூ கொடுத்துவிட்டுப் போனார். நல்ல கண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பூவை ஒத்திக்கொண்டேன்.

எந்த ஊருக்குப் போவது என்பதிலேயே பல சாயங்காலங்கள் கழிந்தன. சென்னை என்றார் டீச்சர். வேர்வையும் உப்புத் தண்ணியும் நமக்கு ஆகாது என்றார் அக்கா. கோயமுத்தூர் என்றேன் நான்.

"கோயமுத்தூர்ல தெருவுக்குத் தெரு நம்ம ஒறம்பரை. ஒரு ஊட்டுக்குப் போயி ஒரு ஊட்டுக்குப் போகாம வந்தா காலத்துக்கும் பகை. ரெண்டு நாளும் காப்பி குடிச்சே செத்துப்போவோம் புள்ள" என்றார் அக்கா. நடுவில் அவர் சேர்த்துக்கொண்ட வார்த்தைகளை விட்டுவிட்டேன்.

பெங்களூரில் எங்களைத் தெரிந்தவர்கள் ஒருத்தர்கூட இல்லை. குளிரும் என்றும் சொன்னார்கள். எங்கள் ஊர் வைகாசி வெயிலில் உட்கார்ந்துகொண்டு குளிர் என்ற வார்த்தையைக் கேட்பதே சுகமாக இருந்தது. பெங்களூர் முடிவாயிற்று.

விஷயத்தைக் கேட்ட அக்காவின் வீட்டுக்காரர், "நம்ம வண்டி முட்டை லோடு ஏத்திக்கிட்டுப் பெங்களூருக்குத்தான போகுது, பஸ் எதுக்கு? முன்னால கேபின்ல உக்காந்து போங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். "முட்டையோட முட்டையா போறதுக்கு நான் என்ன கோழியா?" என்று அக்கா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் மகள் ஊரிலிருந்து வந்தாள். பனமரத்துப்பட்டிப் பக்கத்தில்தான் அவளைக் கொடுத்திருந்தோம். வந்தவள், பையை வைப்பதற்கு முன்னாலேயே சொன்னாள்:

"அம்மா, அத்தையும் உங்களோட பெங்களூரு வாராங்களாம். சொல்லச் சொன்னாங்க."

அத்தை என்றால் அவள் மாமியார். என் சம்பந்தியம்மா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம். வீட்டுக்காரர் காலமான பிறகு இரண்டு தோட்டத்தையும் ஒற்றை ஆளாகக் கட்டி ஆண்டவர். நடந்து வந்தால் வேலைக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள். மாடுகூட அசை போடுவதை நிறுத்தும் என்று என் மகள் சொல்வாள். அவரோடு என் பழக்கம் மிகவும் சுருக்கமானது. கல்யாணத்தன்று, அத்தனை பெரிய விருந்தில், என்னிடம் அவர் பேசியது இரண்டே வார்த்தை: "ரசத்துல உப்புங்க." அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவேன். என் மகளை அவர் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் நான் ஏதாவது தப்பாகச் செய்து, அதன் பலன் என் மகள் தலையில் விடியுமோ என்ற பயம் எனக்கு ஓயாமல் இருந்தது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இது புரியும்.

வர வேண்டாம் என்று சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? வாருங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினேன். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பயணத்தின் குணமே மாறிவிட்டது. சம்பந்தியோடு போகும்போது வெறுங்கையோடு போக முடியுமா? அதிரசம் சுட்டேன். முறுக்கு சுற்றினேன். கட்டுச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல் தயாரித்தேன். புதுச் சேலை எடுத்தேன். இரண்டு மாற்றுத் துணியோடு போகலாம் என்றிருந்த பயணத்துக்குப் பெரிய தூக்குப் போசி, பித்தளை டப்பா, கூடை என்று சாமான் சேர்ந்துவிட்டது.

"இது ஊர் பார்க்கப் போறதா, பொண்ணு பார்க்கப் போறதா?" என்று டீச்சர் கேட்டார். கேட்டாலும் என் நிலைமை அவருக்குப் புரிந்தது. அக்காவை உட்கார வைத்து, திரும்பி வருகிறவரைக்கும் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கினார். "அப்ப நான் எப்படித்தான் பேசறது?" என்று அக்கா பரிதாபமாகக் கேட்டார். பேசாமல் இருந்தால் போதும் என்றார் டீச்சர்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் சம்பந்தியம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். அரக்குக் கலரில் பட்டுக்கரைச் சேலை. கையில் ஒரே ஒரு சின்னப் பை. எங்கள் சாமான்களை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். நான் ஓடிப்போய் வணக்கம் வைத்தேன்.

பெங்களூர் பஸ்ஸில் இடம் கிடைத்ததும், மரியாதைக்காக ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்து, நான் உள்பக்கம் உட்கார்ந்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். எனக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. நாமக்கல்லிலிருந்து சேலம் வரும்போதே வயிறு ஒரு மாதிரி இருந்தது. மடியில் அதிரச டப்பா. கீழேயிருந்து டீசல் வாசம், மேலேயிருந்து வெல்லமும் எண்ணெயுமாக அதிரச வாசம். முன் சீட்டில் அக்கா, பேச முடியாத கஷ்டத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் வழியெல்லாம் காரணமில்லாமல் எங்களை எண்ணிக்கொண்டே வந்தார். பழக்கதோஷம்.

தொப்பூர் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏற ஆரம்பித்தது. எனக்கு நெற்றியில் வேர்த்தது. ஜன்னல் பக்கம் நகருங்கள் என்று சொல்லலாம். ஆனால் சம்பந்தியம்மாளிடம் எப்படிச் சொல்வது? அடக்கிக்கொண்டேன். இன்னொரு வளைவு. அதையும் அடக்கினேன். அடுத்த வளைவில் டிரைவர் பிரேக் போட்டார்.

எல்லாம் அவர் மடியில்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெட்டியும் கையுமாக என் மகள் எங்கள் வாசலில் வந்து நிற்கிறாள். ஏன் வந்தாய் என்று ஊர் கேட்கிறது. அம்மா வாந்தியெடுத்துவிட்டாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறாள்.

சம்பந்தியம்மா தன் மடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னம் இருக்குதுங்களா, அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதானுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

கண்டக்டரைக் கூப்பிட்டு, "வண்டியை நிறுத்துங்க சாமி" என்றார். கேட்கவில்லை, சொன்னார். பஸ் நின்றது. ரோட்டோரத்தில் ஒரு டீக்கடைக் குழாயில் அவரே மடியைக் கழுவி, பையிலிருந்து வேறு சேலை எடுத்து டீக்கடைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு, ஈரச் சேலையைப் பிழிந்து சுருட்டிக்கொண்டு வந்தார். நான் கழுவித் தருகிறேன் என்று பின்னாலேயே ஓடினேன். காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. திரும்பி ஏறும்போது, "இந்தப் பக்கம் போயி உக்காருங்க" என்று ஜன்னலோரத்தைக் காட்டினார். அதற்குப் பிறகு பெங்களூர் வரைக்கும் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தர்மபுரி வந்தது, கிருஷ்ணகிரி வந்தது, ஓசூர் வந்தது. எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

பெங்களூரில் இறங்கியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே வரிசையாக லாட்ஜுகள். முதல் லாட்ஜில் எங்களைப் பார்த்ததும், "ஜென்ட்ஸ் எங்கே?" என்றார்கள். ஜென்ட்ஸ் யாரும் வரவில்லை என்றோம். ரூம் இல்லை என்றார்கள். அடுத்த லாட்ஜிலும் அதே கேள்வி, அதே பதில். ஆண் துணை இல்லாமல் வந்த பெண்களுக்கு அறை கொடுப்பதில்லையாம். இத்தனை நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் யோசித்தோமே, இதை யோசிக்கவில்லை. சாமி கும்பிடப் போனால் சத்திரத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

மூன்றாவது லாட்ஜுக்குள் நனைந்துகொண்டே நுழைந்தோம். மேனேஜர் நெற்றியில் நாமம். தமிழ் பேசினார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தார். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், ஆம்பளைத் துணை இல்லாம லேடீஸுக்கு ரூம் கொடுக்கிறது கிடையாது. எங்க வழக்கம் அது" என்றார்.

டீச்சர், ஏதாவது ஒரு கான்வென்ட்டைத் தேடிப் போய்க் கேட்கலாம் என்றார். அக்கா, முட்டை லாரி வந்து சேருகிற இடத்தைக் கண்டுபிடித்து டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்து ஆம்பளையாக நிறுத்தலாம் என்று சைகையில் சொன்னார். நான் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விடலாம் என்றேன். எனக்குப் போதும் போதுமென்று ஆகியிருந்தது.

அப்போதுதான் சம்பந்தியம்மா முன்னால் வந்தார்.

"ஆம்பளைத் துணை எதுக்குங்க?" என்றார் மேனேஜரிடம். சண்டைக்கு வந்த மாதிரி இல்லை. விதை விலை விசாரிக்கிற மாதிரி.

"பாதுகாப்புக்கும்மா. இங்க பல மாதிரி ஆளுங்க வந்து தங்கறாங்க."

"பல மாதிரின்னா, ஆம்பளைகளா பொம்பளைகளா?"

"ஆம்பளைங்கதான்."

"அப்ப அவியளுக்குத்தானுங்க நீங்க ரூம் குடுக்கக் கூடாது?"

மேனேஜர் ரிஜிஸ்டரைத் திறந்தார். மூடினார். "வழக்கம் அப்படித்தாம்மா" என்றார் மறுபடி.

"செரிங்க. ரூம் வேண்டாம். மழை உடற வரைக்கும் இங்கயே இருந்துக்கறோம். சோறு உண்டு ரொம்ப நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, அந்த லாட்ஜ் முன்கூடத்தில், மாடிப்படிக்கு நேர் எதிரே, தரையில் உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார். சோபா இருந்தது. அதில் உட்காரவில்லை. தூக்குப் போசியைத் திறக்கச் சொன்னார். புளிச்சோற்று வாசம் லாட்ஜ் முழுக்கப் பரவியது.

பிறகு எழுந்து, பையிலிருந்து அந்த ஈரச் சேலையை எடுத்தார். ஒரு உதறு உதறினார். மாடிப்படியின் இந்தப் பக்கக் கைப்பிடியில் ஒரு முனையையும் அந்தப் பக்கக் கைப்பிடியில் இன்னொரு முனையையும் கட்டினார். அரக்குச் சேலை மாடிப்படிக்குக் குறுக்கே தோரணம் மாதிரி தொங்கியது. திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

அப்போது வெளியே போயிருந்த ஆண்கள் மழைக்கு ஒவ்வொருவராகத் திரும்பி வர ஆரம்பித்தார்கள். மாடிக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் யாரோ ஒரு வயதான பெண்மணியின் சேலைக்கு அடியில் குனிந்து நுழைய வேண்டும். ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. மருந்துக் கம்பெனிப் பையோடு ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் குடையோடு ஒருவர். அதற்குப் பின்னால் இரண்டு வியாபாரிகள். படிக்கட்டுக்குக் கீழே ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. சேலையைப் பார்ப்பது, மேனேஜரைப் பார்ப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது.

"அம்மா, சேலையை எடுங்கம்மா. எல்லாரும் மேல போகணும்" என்றார் மேனேஜர்.

"போகட்டுமுங்க. நாங்க ஆரையும் புடிச்சா வெச்சிருக்கறோம்? ஈரத்தோட சுருட்டி வெச்சா சாயம் போயிருமுங்க" என்றார் சம்பந்தியம்மா. என் பக்கம் சாதத்தை நகர்த்தி, "உண்ணுங்க. வயிறு காலியா இருக்குது" என்றார்.

மேனேஜர் வேகவேகமாகப் பின்பக்கம் போனார், முதலாளியைக் கூப்பிட. அவர் தலை மறைந்ததும், சம்பந்தியம்மா அமைதியாக, ஒரு வாய் சோற்றுக்கும் அடுத்த வாய்ச் சோற்றுக்கும் நடுவில், அந்த மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. எங்கள் ஊரில் கடலைக்காட்டுக்குள் புகுந்த மாட்டை விரட்டும்போதுகூட யோசித்துத்தான் சொல்வார்கள்.

அக்காவின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "டீச்சரே, இப்ப என்ற சத்தியம் செல்லுமா செல்லாதா?" என்று கேட்டார். டீச்சர் பதில் சொல்வதற்குள், சேலத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். வரிசையில் நின்ற மருந்துக் கம்பெனிக்காரருக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது, குடைக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார். சம்பந்தியம்மா தலையை ஆட்டி ஆட்டி, பாட்டுக் கச்சேரி மாதிரி ரசித்துக் கேட்டார்.

பின்பக்கத்திலிருந்து வந்தது முதலாளி இல்லை, முதலாளியின் மனைவி. எங்கள் வயதுதான் இருக்கும். கையில் மாவு, இடுப்பில் சொருகிய முந்தானை. சத்தத்தைக் கேட்டு அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். வரிசையைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். கடைசியில் அவர் கண் தூக்குப் போசியில் நின்றது.

"புளியோகரே?" என்றார்.

சம்பந்தியம்மா ஒரு இலைத்துண்டில் சோறு வைத்து, பக்கத்தில் ஒரு அதிரசமும் வைத்து நீட்டினார். அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்களோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ருசி பார்த்தார். இன்னொரு கை வாங்கிக்கொண்டார். மேனேஜர் கன்னடத்தில் நீளமாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, அதிரசத்தைக் கடித்தபடி இரண்டே வார்த்தை சொன்னார். அது மட்டும் எங்கள் நாலு பேருக்கும் நன்றாகப் புரிந்தது.

"கீ கொடு."

சாவி வந்தது. சேலை இறங்கியது. ஆண்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு மேலே போனார்கள். எங்களுக்குக் கிடைத்தது அவர்கள் குடும்பம் குடியிருந்த பின்கட்டுக்கு மேலே ஒரு பெரிய அறை. மறுநாள் காலையில் அந்த அம்மாளே காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மீதி அதிரசத்தை உரிமையோடு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் லால்பாக் போனோம். மாடி பஸ்ஸில் மேல்மாடியில் உட்கார்ந்து, எங்கே போகிறது என்று கேட்காமலே கடைசி வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். லால்பாக் தோட்டத்தில் அக்காவும் டீச்சரும் கண்ணாடி மாளிகையைப் பார்க்கப் போனபோது, நானும் சம்பந்தியம்மாளும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லில் காலை நீட்டிக்கொண்டார். நான் வழக்கம்போல் காலை மடக்கி, ஒரு ஓரமாக உட்கார்ந்தேன்.

கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "ஏனுங்க, அந்தச் சேலை… மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீங்க என்ற மடியில வாந்தி எடுத்தப்பத்தானுங்க எனக்கு உசுரே வந்துச்சு. கல்யாணத்துல இருந்து என்னைக் கண்டாலே தாசில்தாரைக் கண்ட மாதிரி நிப்பீங்க. ஒரு வார்த்தை பேசலாம்னு வந்தா, காப்பி போடறேன்னு உள்ள ஓடிருவீங்க. இந்தம்மாளுக்கு நம்மளைப் புடிக்கலை போல இருக்குதுன்னு நெனச்சுக்குவேன்."

கொஞ்சம் தைரியம் வந்ததும், "ரசத்துல உப்புன்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன்.

"எச்சா இருந்துச்சுங்க, கரிச்சுது. சொல்லாம எப்படி?" என்றார். அதில் அவர் கடைசிவரை மாறவே இல்லை.

கொஞ்ச நேரம் எதிரே போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு குரலில் சொன்னார்:

"அவரு போனதுக்குப் பொறகு என்னை எல்லாரும் கூப்புடுவாங்க. வரப்புத் தகராறுன்னா கூப்புடுவாங்க. பஞ்சாயத்துன்னா கூப்புடுவாங்க. எழவுன்னா மொத ஆளு நான்தான். ஒரு சோலியும் இல்லாம, சும்மா வான்னு ஆரும் கூப்புட்டதில்லைங்க. உங்க மக வந்து சொன்னா, மூணு பேரு காரணமே இல்லாம ஊருக்குப் போறாங்கன்னு. கேட்டதுல இருந்து தூக்கம் வரலை. நீங்க கூப்புடுவீங்கன்னு பார்த்தேன். கூப்புடலை. அதானுங்க, மானத்தை விட்டுப்போட்டு நானே வாரேன்னு சொல்லி உட்டேன்."

அந்த அம்மாள் சொல்லி அனுப்பியபோது, ஐயோ வருகிறாரே என்று தலையில் அடித்துக்கொண்டு அதிரசம் சுட்டவள் நான். மடக்கியிருந்த காலை நீட்டி, அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். அவருக்கு அது போதும் போலிருந்தது. மடியிலிருந்து முறுக்கை எடுத்து ஆளுக்குப் பாதியாக உடைத்தார். கண்ணாடி மாளிகையிலிருந்து திரும்பி வந்த அக்கா, நாங்கள் இருந்த நிலையைப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தைக்கு, சம்பந்தியம்மாளிடமிருந்து சுடச்சுடப் பதில் கிடைத்தது.

அதற்கு அடுத்த கோடையில் மைசூர் போனோம். அதற்கடுத்து சென்னைக்கும் போய், வேர்வையைத் திட்டிக்கொண்டே கடலில் நின்றோம். இடம் யோசிக்கிற பேச்சு இப்போது எங்கள் வீட்டிலும் அவர் வீட்டிலும் மாறி மாறி நடந்தது. என் மகளுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல அம்மா வீட்டுக்கு வந்தால், அம்மா மாமியார் பக்கம் பேசுகிறாள் என்று.

காலம் ஓடிவிட்டது. எனக்கும் வயதாகிவிட்டது. வாழ்க்கையில் விறைப்பான மனிதர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். முன்பெல்லாம் அவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போவேன். இப்போது, இவரை யாராவது எப்போதாவது சும்மா வா என்று எங்காவது கூப்பிட்டிருப்பார்களா என்றுதான் முதலில் யோசிக்கிறேன், பெரும்பாலும் நானே கூப்பிட்டும் விடுகிறேன்.